கணவாய்க் காற்றில் ஒரு வாரம்

செங்கோட்டையில் சைக்கிள் மிதிக்கிற யாரிடமாவது "மணிக்கு எவ்வளவு போவீங்க?" என்று கேட்டால், பதிலுக்கு இரண்டு கேள்விகள் வரும். எந்த மாசம்? எந்தப் பக்கம் பார்த்து? ஆனி ஆடியில் மேற்கே புளியரையைப் பார்த்து மிதித்தால் ஒரு வேகம். அதே சாலையில், அதே பலத்தோடு, ஊரைப் பார்த்துத் திரும்பினால் அதைப்போல இரண்டு பங்குக்கும் மேல்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வரும்போது ஆரியங்காவுப் பக்கம் தாழ்ந்து ஒரு வாசல் விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு இந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. குற்றாலத்துச் சாரல் இந்தக் காற்று கொண்டு வருவதுதான். கிழக்கே போகப்போக ஈரம் வற்றி வெறும் காற்றாகிவிடும். தென்காசியைத் தாண்டினால் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த வாசலுக்கு நேர் முன்னால் குடியிருந்துகொண்டு நான் ட்ரையத்லானுக்குப் பழகுகிறேன்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் ஓய்வில்லாமல் அடுத்தடுத்து முடிக்கிற போட்டி அது. 1974-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஓட்டக்காரர்கள் சிலர் கூடி ஆரம்பித்தது. 1978-ல் ஹவாயின் ஒவாஹு தீவில் அயர்ன்மேன் என்ற அதன் நெடுந்தூர வடிவம் முதன்முதலாக நடந்தபோது 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். நீச்சல் 3.8 கிலோமீட்டர், சைக்கிள் 180, அதன்மேல் ஒரு முழு மாரத்தான். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்த்தபோது வைத்த தூரம் இதைவிட மனுஷத்தனமானது: 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். நான் பழகுவது இந்த ஒலிம்பிக் தூரத்துக்கு. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். காலை மணி அடிப்பதற்குள் எல்லாவற்றையும் முடித்துக் குளித்துக் கிளம்பியாக வேண்டும்.

இணையத்தில் கிடைக்கிற பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் வேகத்தை வைத்தே எழுதப்பட்டவை. இந்த வேகத்தில் இத்தனை நிமிடம், அந்த வேகத்தில் இத்தனை சுற்று. எங்கள் ஊருக்கு அது பொருந்தாது. சாலையில் காற்று; ஓட்டத்தில் புழுக்கம்; நீச்சலுக்கோ கிடைப்பது ஒரு கிணறு, அதற்கு நீளம் என்று ஒன்றே கிடையாது. மூன்றிலும் வேகத்தை நம்ப முடியாது. அதனால் நான் வேகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, உடம்பு எவ்வளவு பாடுபட்டது என்பதை மட்டும் நோட்டில் எழுதி வருகிறேன். நீச்சல்குளமோ பயிற்சியாளரோ இல்லாத ஊர்களில் தனியாகப் பழகுகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இதைவிட நல்ல வழி இல்லை என்று நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் காற்றின் கணக்கைப் பார்த்துவிடலாம். என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற கணக்கு இது. சமதளச் சாலை, காற்றில்லாத நாள், சாதாரண உடம்பு உள்ள ஒருவர் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறார் என்றால் கால்கள் தருவது சுமார் 100 வாட். இப்போது மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று எதிரே அடிக்கிறது. அதே 100 வாட்டில் அவர் வேகம் ஏறக்குறைய 15-க்கு இறங்கிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ள, 38 கிட்டே போவார். ஒருபக்கம் குறைந்தது மறுபக்கம் கூடியதே, சரியாகப் போயிற்று என்று தோன்றும். போகவில்லை. பத்துக் கிலோமீட்டர் போய்த் திரும்ப, காற்றில்லாத நாளில் 48 நிமிடம் ஆகும். காற்றடிக்கும் நாளில் போக 40, வர 16, ஆக 56 நிமிடம். காற்றின் தடை வேகத்தின் இருமடியில் ஏறுகிறது. அதோடு எதிர்க்காற்றில் நாம் இருக்கும் நேரமும் அதிகம். இது தெரியாமல் எதிர்க்காற்றிலும் 25-ஐப் பிடிக்கப் பார்ப்பவர் கேரள எல்லையைத் தொடுவதற்குள் அந்த வாரத்துச் சக்தி முழுவதையும் செலவழித்திருப்பார்.

அப்படியானால் எதை அளப்பது? ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் 1960-களில் இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். 'எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?' என்ற கேள்விக்கு 6 முதல் 20 வரை ஓர் எண். எதற்கு 6-ல் ஆரம்பம் என்றால், அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் இளவயதினரின் நாடித்துடிப்புக்கு ஏறக்குறையச் சரியாக வரும்: சும்மா இருக்கும்போது 60, உயிரைக் கொடுத்து ஓடும்போது 200. பிறகு 0 முதல் 10 வரையிலான ஓர் அளவையும் அவரே தந்தார். அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் அதை எடுத்து ஓர் எளிய காரியம் செய்தார். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, மொத்தத்தில் எவ்வளவு கஷ்டம் என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். அதைப் பயிற்சி செய்த நிமிடங்களால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். 50 நிமிடம் மெதுவான ஓட்டம், கஷ்டம் 3 என்றால் 150. 40 நிமிடம் கடுமையான சைக்கிள், கஷ்டம் 7 என்றால் 280. நீச்சலை மீட்டரிலும் சைக்கிளைக் கிலோமீட்டரிலும் வைத்துக்கொண்டு கூட்ட முடியாது. இந்த எண்களைக் கூட்ட முடியும். ஞாயிறு ராத்திரி அந்த வாரத்தின் கூட்டுத்தொகை ஒரே வரியில் என் நோட்டில் வந்துவிடும்.

ஃபாஸ்டர் இன்னொன்றும் சொன்னார், அது எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. ஒரு வாரத்தின் தினசரிச் சுமையின் சராசரியை அதன் திட்டவிலக்கத்தால், அதாவது நாளுக்கு நாள் சுமை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவால், வகுத்துப் பாருங்கள். எல்லா நாளும் ஒரே அளவு பாடுபட்டிருந்தால் அந்த எண் எகிறிவிடும். உடம்பு கெட்டுப்போவதற்கு அது ஓர் எச்சரிக்கை. மொத்தச் சுமை அதேதான் என்றாலும், ஒரு நாள் கடுமை, மறுநாள் லேசு என்று மேடும் பள்ளமுமாக வைத்தால் உடம்பு தாங்கும். நார்வேயில் வேலை பார்த்த ஸ்டீஃபன் சைலர், உலகத் தரத்து ஓட்டக்காரர்கள், சைக்கிள்காரர்கள், துடுப்புப் படகுக்காரர்களின் பயிற்சிகளைப் பார்த்துவிட்டு, அவற்றில் சுமார் 80 சதவீதம் லேசானவை என்று கண்டார். வேலையும் வீடும் உள்ள நம்மைப் போன்றவர்கள் தினமும் நடுத்தரமாக மூச்சு வாங்குகிறோம். லேசான நாள் போதுமான அளவு லேசாக இருப்பதில்லை. அதனால் கடுமையான நாளில் கடுமையாக உழைக்க வலு இருப்பதில்லை.

லேசான ஓட்டத்துக்கு எனக்குக் கிடைத்திருக்கும் கருவி என் நாத்தனார். குண்டாறு அணைக்குப் போகும் சாலையில் நான் ஓட, அவள் ஸ்கூட்டியில் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வருவாள். விடியாத நேரத்தில் நாய்களுக்கும் துணையில்லாத சாலைக்கும் அந்த விளக்கு வெளிச்சம் ஒரு பாதுகாப்பு. அதைவிடப் பெரிய உபயோகம், அவள் பேசிக்கொண்டே வருவாள், நானும் பதில் சொல்லியாக வேண்டும். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் வேகம் சரி. "ம்", "ஆமா" என்று குறுகிவிட்டால் உடனே சொல்லிவிடுவாள்: "மதினி, பேச்சு நின்னுட்டு. வேகம் கூடிட்டு." எந்தக் கைக்கடிகாரமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

வயலில் நாற்று நடுகிறவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். "என்ன டீச்சர், எதுக்கு இப்படி வேர்க்க விறுவிறுக்க ஓடுதீய?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். போட்டிக்கு என்றதும், "பொம்பளையளுக்கும் உண்டுமா?" என்றார். உண்டு என்றேன். அன்றைக்கு வரப்பிலிருந்து ஏறி வந்து கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். இப்போது ஒரு வாரம் காணாவிட்டால் நாத்தனாரிடம் விசாரிக்கிறார்.

சாரல் காலத்தில் வெயில் இருக்காது, சுலபமாக ஓடலாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. வேர்வை உடம்பைக் குளிர வைப்பது ஆவியாகும்போதுதான். ஈரம் நிறைந்த காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும்; இதயம் இன்னும் வேகமாக அடிக்கும். ஒரே வேகத்தில் ஓடினாலும் அரை மணி நேரத்துக்குப் பிறகு நாடி ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் வேர்வையின் அளவு தெரிந்துவிடும்: ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. அதை வெறும் தண்ணீராக ஒரேயடியாகக் குடித்து நிரப்பக் கூடாது. உப்பும் சேர்த்துப் போயிருக்கிறது, வெறும் தண்ணீர் அதிகமானால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகலாம். எங்கள் வீட்டில் உப்புப் போட்ட நீராகாரம், சின்ன வெங்காயத்தோடு. நான் வாங்கிப் பார்த்த பாக்கெட் பானங்கள் எதுவும் இதற்கு ஈடாகவில்லை.

இனி கிணறு. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

மாமாவின் வயற்கிணறு அகலமானது, ஆனால் நீந்த ஆரம்பித்தால் கொஞ்ச வீச்சிலேயே எதிர்ச்சுவர் வந்துவிடும். திரும்பித் திரும்பிச் சுற்றினால் தலை கிறுகிறுக்கும், கையும் பழகாது. அதனால் இருந்த இடத்திலேயே நீந்துகிறேன். பழைய சைக்கிள் டியூப்களை வால்வை வெட்டி எறிந்துவிட்டு, நீளவாக்கில் ஒன்றோடொன்று முடிந்திருக்கிறேன். ஒரு முனை கிணற்றுச் சுவரில் அடித்திருக்கும் கம்பிப் படியில். மறுமுனை என் இடுப்பில் கட்டிய அகலமான துணிப்பட்டையில், ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்கு முடிச்சாக. சுவரை உதைத்துப் புறப்பட்டால் டியூப் விறைக்கும் வரை போகலாம். அதன்பிறகு நான் எவ்வளவு தள்ளினாலும் அது பின்னால் இழுக்கும். இரண்டும் சமமாகிற இடத்தில் நிற்க வேண்டும். சுவர் இடுக்கில் முளைத்திருக்கும் ஓர் அரசங்கன்றுதான் என் அடையாளம். மூச்செடுக்கத் தலை திரும்பும்போதெல்லாம் அது கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும்.

இந்த டியூப் மாதிரி ஒரு வாத்தியார் கிடையாது. கையை நீருக்குள் விட்டு இழுக்கும்போது முழங்கை தொய்ந்தால், உள்ளங்கை நீரைப் பின்னால் தள்ளாமல் கீழே அமுக்கும். அந்த நொடியே டியூப் ஒரு சாண் பின்னால் இழுத்துவிடும், அரசங்கன்று நகர்ந்துவிடும். மூச்சுக்காகத் தலையைத் திருப்பாமல் தூக்கினால் இடுப்பும் காலும் அமிழும், மறுபடி இழுப்பு. வலது பக்கம் மட்டும் மூச்செடுத்தால் உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்து போகும். அதனால் மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கடலிலும் ஏரியிலும் நீந்தும்போது தலையை லேசாக உயர்த்தி மிதவையைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு நான் கிணற்று மேட்டுத் தென்னையின் கொண்டையைப் பார்த்துப் பழகுகிறேன். எத்தனை மீட்டர் நீந்தினேன் என்று கேட்டால் சொல்ல முடியாது. எத்தனை நிமிடம், எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல முடியும். அது போதும்.

சில விஷயங்களில் சமரசம் கிடையாது. தனியாக ஒருநாளும் இறங்குவதில்லை. மோட்டார் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி மாமா மடியில் முடிந்துகொண்ட பிறகுதான் காலை நனைப்பேன். காற்றடித்த லாரி டியூப் ஒன்று எப்போதும் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். குளமும் அணையும் பக்கத்தில் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். சேறும் கொடியும் மதகின் இழுப்பும் உள்ள நீரில் நான் இறங்க மாட்டேன், யாரையும் இறங்கச் சொல்லவும் மாட்டேன். சித்திரை வைகாசியில் கிணறு வற்றி நீர் ஆழத்துக்குப் போய்விடும். அந்த நாட்களில் பஸ் ஏறிப் பாளையங்கோட்டை நீச்சல்குளத்துக்குப் போய் வருகிறேன்.

சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு இதே கிணற்றில்தான் நீச்சல் படித்தேன். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதோடு கிணற்றை விட்டு ஏறிவிடுவார்கள். ஏறச் சொல்லிவிடுவார்கள். கூடப் படித்த பையன்கள் மேலேயிருந்து பல்டி அடித்துக்கொண்டே வளர்ந்தார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. உடம்புக்குத் தெரிந்த ஒரு வித்தையை முப்பது வருஷம் பெட்டியில் பூட்டி வைக்கச் சொன்னது அது.

பெண் உடம்பைப் பற்றி இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் சில வாரங்கள் நோட்டில் ஒரு விசித்திரம் தெரிந்தது. அதே சாலை, அதே நேரம், நாத்தனாரோடு அதே பேச்சு. ஆனால் 3 போடுகிற இடத்தில் 5, 6 என்று எழுதியிருந்தேன். வேகத்தை மட்டும் பார்த்திருந்தால் சோம்பல் என்று நினைத்து இன்னும் முடுக்கியிருப்பேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைந்திருந்தது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிலக்கில் போகிற இரும்பும், நீண்ட ஓட்டத்தில் போகிற இரும்பும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்தச் சொன்னார். டீயிலுள்ள டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. முருங்கைக்கீரையும் அதன்மேல் எலுமிச்சைச் சாறும் தட்டில் நிலையாக இடம் பிடித்தன. மெல்ல மெல்ல எண் 3-க்கு இறங்கியது. ஓட ஆரம்பிக்கிற எந்தப் பெண்ணுக்கும் செருப்புக்கடைக்குப் போவதற்கு முன்னால் ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

வாரத்தின் பெரிய சுமை ஞாயிற்றுக்கிழமை. விடியும்போது புளியரை செக்போஸ்டைத் தாண்டிவிட வேண்டும். அதற்கப்புறம் லாரிகள் கூடிவிடும்: பாவூர்சத்திரத்துக் காய்கறி, ஜல்லி, எம்-சாண்ட், பக்கவாட்டில் புடைத்து வருகிற வைக்கோல் வண்டி. எஸ் வளைவில் வைக்கோல் வண்டிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவு இடம் அங்கே இல்லை. ஏற்றம் ஒன்றும் மலைக்க வைக்கிற ஏற்றம் இல்லை. ஆனால் காற்றும் ஏற்றமும் சேர்ந்து வரும்போது சைக்கிள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். அங்கே நான் லேசாக மிதிக்கிற கியருக்கு மாற்றிக்கொண்டு, வாய்விட்டுப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிறேன். நான்கு வரி ஒரே மூச்சில் வந்தால் சரியான பாடு. இரண்டோடு அறுந்தால் குறைக்க வேண்டும். கோட்டைவாசல் கருப்பசாமி கோயிலில் டிரைவர்கள் இறங்கித் திருநீறு பூசிக்கொண்டு போவார்கள். நானும் ஒரு நிமிடம் நிற்பேன்.

அங்கேதான் எல்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. எங்கள் தாத்தாவின் பத்திரங்களில் மலையாள எழுத்து உண்டு. கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் இறங்கினால் தோலுக்கே வித்தியாசம் தெரியும். காய்ந்த காற்று போய், நனைந்த இலை வாசம். சாலையோரமெல்லாம் பாசி. 1904-ல் போட்ட ரயில்பாதை இங்கே கூடவே வரும். 2018-ல் அகலப்பாதையாகி மறுபடி ரயில் விட்டபோது ஊரே போய்ப் பார்த்தது. ஆரியங்காவில் ஒரு கடையில் ஏத்தக்காய் அப்பமும் கட்டன் சாயாவும். டாக்டர் சொன்னது சாப்பாட்டோடு டீ வேண்டாம் என்று. ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு டம்ளருக்கு அவரிடமே அனுமதி வாங்கியிருக்கிறேன். கடைச் சேட்டன் வழக்கமாக "இன்னு காற்றுண்டோ சேச்சி?" என்று கேட்பார். உண்டு என்றால் இன்னொரு அப்பத்தையும் தட்டில் வைத்துவிடுவார்.

திரும்பும்போது காற்று முதுகில். இது சந்தோஷமான பகுதி, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய பகுதியும் இதுதான். ஈரமான இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் ஒரேயடியாக அழுத்தாமல், விட்டு விட்டு மெதுவாகப் பிடிக்க வேண்டும். வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, உட்காராமல், ஷூவை மாற்றிக்கொண்டு பதினைந்து நிமிடம் ஓட்டம். மணிக்கணக்காக வட்டமாகச் சுற்றிய கால்களுக்கு முதல் சில நிமிடம் தரையை ஊன்றவே தெரியாது, தொடை மரத்திருக்கும். போட்டியன்று அந்த நிமிடங்களில்தான் பலர் பதறிப்போகிறார்கள். வாராவாரம் பழகினால் உடம்புக்கு அது சீக்கிரம் விலகிவிடும் என்று தெரிந்துவிடுகிறது. திங்கள் முழு ஓய்வு. மூன்று வாரம் கூட்டிக்கொண்டே போய், நான்காவது வாரத்தில் மொத்த எண்ணைப் பாதியளவுக்குக் குறைத்துவிடுவேன்.

கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் ஆரியங்காவுச் சாலை நிறைந்துவிடும். தை வரை ஞாயிற்றுச் சைக்கிளைச் சுந்தரபாண்டியபுரம், சுரண்டைப் பக்கம் திருப்பிவிடுவேன். சமதளம், காற்றும் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் கிணறும் ஏறிவிடும், படியில் உட்கார்ந்தபடியே தண்ணீரைத் தொடலாம். இந்த முறை நாத்தனாரும் இறங்குகிறேன் என்கிறாள். "மதினி, அந்த டியூப் எனக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்க" என்று இப்போதே கேட்டுவிட்டாள். அவளையும் சின்ன வயதில் பாதியில் ஏறச் சொன்னவர்கள்தான். முதலில் லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து மிதக்கப் பழகட்டும். இடுப்பில் கட்டுவதெல்லாம் அப்புறம்.